குளியல்தொட்டியில் கரி, வாசலில் கார்: பிரிட்டனின் பொது வீடுகளும் 'தகுதியுள்ள ஏழை' என்ற கட்டமைப்பும்

1

பிரிட்டனின் ரயில், கடல், போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச்செயலாளர் பாப் க்ரோ 2014 மார்ச் 11-ல் தன்னுடைய 52-ஆம் வயதில் திடீரென்று இறந்துபோனார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் லண்டன் சுரங்க ரயில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். அந்த நாட்களில் லண்டன் பத்திரிகைகள் வேலைநிறுத்தக் கோரிக்கைகளைப் பற்றி எழுதியதைவிட க்ரோ குடியிருந்த வீட்டைப் பற்றி எழுதியதுதான் அதிகம் என்று தோன்றும். ஓய்வூதியப் பங்களிப்பெல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஏறக்குறைய 1,45,000 பவுண்டு வாங்குகிற ஆள், ஏழைகளுக்காகக் கட்டப்பட்ட பொது வாடகை வீட்டில் உட்கார்ந்திருக்கலாமா? இது திருட்டில்லையா? க்ரோ சளைக்கவில்லை. அந்த வீட்டைக் காலிசெய்ய வேண்டிய தார்மீகக் கடமை எதுவும் தனக்கில்லை என்று பதில் சொன்னார்.

இதைப் படித்தபோது முதலில் எனக்கும் அது நியாயமாகப் படவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு சம்பாதிக்கிறவர் வெளியே ஒரு வீடு பிடித்துக்கொண்டால் என்ன? காத்திருப்போர் பட்டியலில் பிள்ளைகுட்டிகளோடு நிற்கிற ஒரு பெண்ணுக்கு அந்த வீடு கிடைக்குமே? இது பொதுப்புத்தியின் கேள்வி. பொதுப்புத்தி கேட்கிறது என்பதாலேயே ஒரு கேள்வி தப்பான கேள்வி ஆகிவிடாது. 'முதலாளித்துவப் பத்திரிகைகளின் சதி' என்று ஒரே வரியில் இதைத் தள்ளிவிட்டுப் போகிற தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காத்திருக்கிற அந்தப் பெண் பத்திரிகைக்காரர்களின் கற்பனையும் இல்லை. இங்கிலாந்தில் மட்டும் 2020-களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அந்தப் பட்டியலில் நின்றன.

ஆனால் எந்தக் கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. 'வசதியுள்ளவனுக்கு எதற்குப் பொது வீடு?' என்பதை யார், எப்போது, யாரைப் பார்த்துக் கேட்டார்கள்? அதைக் கேட்ட அதே மூச்சில் எதைக் கேட்காமல் விட்டார்கள்? பிரிட்டனில் உள்ளாட்சி மன்றங்கள் கட்டி வாடகைக்கு விட்ட 'கவுன்சில் வீடு'களின் நூற்றாண்டுக் கதையை வைத்துக்கொண்டு இதைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம் என்பதே என் நோக்கம்.

2

ஒரு பொய்யிலிருந்து தொடங்க வேண்டும். கவுன்சில் வீடுகள் பரம ஏழைகளுக்காகவே கட்டப்பட்டன, பிற்பாடு வசதியானவர்கள் புகுந்து அபகரித்துக்கொண்டார்கள் என்பதுதான் அந்தப் பொய். நடந்தது கிட்டத்தட்ட தலைகீழ்.

லண்டனின் கிழக்குப் பகுதியில் ஓல்டு நிக்கல் என்றொரு ஸ்லம் இருந்தது. (நாம் ஸ்லம் என்பதைச் 'சேரி' என்று மொழிபெயர்த்துப் பழகிவிட்டோம். அந்த மொழிபெயர்ப்புக்குள் சாதி ஒளிந்துகொண்டிருப்பதால் நான் ஸ்லம் என்றே எழுதுகிறேன்.) 1890-ல் 'உழைக்கும் வர்க்கங்களின் வீட்டுவசதிச் சட்டம்' வந்தது. அந்தச் சட்டத்தின் துணையோடு லண்டன் கவுண்ட்டி கவுன்சில் ஓல்டு நிக்கலை இடித்துத் தரைமட்டமாக்கி, அதன்மேல் பவுண்டரி எஸ்டேட் என்ற குடியிருப்பைக் கட்டியது. 1900-ல் வேல்ஸ் இளவரசர் வந்து திறந்துவைத்தார். உலகத்தின் முதல் கவுன்சில் குடியிருப்புகளில் ஒன்று என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்லப்படுவது இதுதான். இடிக்கப்பட்ட இடத்தில் குடியிருந்தவர்கள் 5,719 பேர். புதிய குடியிருப்பில் வீடு கிடைத்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 11 பேர். வாடகை கட்டுப்படியாகவில்லை. மற்றவர்கள் பக்கத்துத் தெருக்களில் போய் நெருக்கியடித்துக்கொண்டார்கள். புது வீடுகளுக்குள் வந்தவர்கள் நிலையான வேலையும் மாதாமாதம் வாடகை கட்டும் தெம்பும் உள்ள கைவினைஞர்கள், குமாஸ்தாக்கள், போலீஸ்காரர்கள் போன்றவர்கள்.

ஆக, பொது வீடு பிறந்தபோதே அதற்குள் 'போதுமான வருமானம்' உள்ளவன்தான் இருந்தான். இது ஒரு வடு. இதை மறைத்துவிட்டுப் பொது வீட்டுக்காக வாதாட முடியாது.

இன்னொரு தொடக்கமும் உண்டு. 1915, கிளாஸ்கோ நகரம். முதல் உலகப்போரின் உற்பத்திக்காகக் கப்பல் கட்டும் தளங்களுக்கும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து குவிந்தார்கள். வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். ஆண்கள் பட்டறையிலும் போர்முனையிலும் இருந்தபோது, மேரி பார்பர் போன்ற பெண்கள் தெருத்தெருவாக வாடகை மறுப்புப் போராட்டத்தைக் கட்டினார்கள். காலிசெய்ய வைக்க வருகிற அமீனாவைப் பார்த்ததும் மணியடித்துக் கூட்டம் சேர்த்தார்கள், மாவை அள்ளி அவன்மேல் வீசி விரட்டினார்கள். 1915 நவம்பரில் சுமார் இருபதாயிரம் குடும்பங்கள் ஏற்றிய வாடகையைக் கட்ட மறுத்து நின்றன. நவம்பர் 17 அன்று பதினெட்டுக் குடித்தனக்காரர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தபோது கப்பல் தளத் தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஊர்வலமாக வந்து நின்றார்கள். வழக்குகள் கைவிடப்பட்டன. அந்த ஆண்டு முடிவதற்குள் வாடகையை உறையவைக்கும் சட்டம் வந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றிருக்கிறது. இந்தப் போராட்டக்காரர்களில் பெரும்பகுதியினர் கூலியில்லாத ஏழைகள் இல்லை. வேலை இருந்தது, கையில் காசும் வந்தது. வீட்டைச் சந்தையின் கையில் விட்டால் கூலி எவ்வளவு ஏறினாலும் அதை வாடகை தின்றுவிடும் என்பதைச் சொந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டவர்கள். பொது வீடு என்ற கோரிக்கைக்கு அரசியல் பலம் வந்தது இவர்களிடமிருந்துதான். 1919-ன் அடிசன் சட்டம் உள்ளாட்சி மன்றங்கள் வீடு கட்டுவதைக் கடமையாக்கியது. கட்டுவதில் வருகிற நட்டத்தில் ஒரு சிறு பங்குக்குமேல் உள்ளதை மத்திய கருவூலம் ஏற்றுக்கொண்டது. 1921-லேயே அதன் கையை ஒடித்துவிட்டார்கள் என்பது வேறு கதை. 1924-ல் தொழிற்கட்சி அமைச்சர் ஜான் வீட்லி, முன்னாள் சுரங்கத் தொழிலாளி, கொண்டுவந்த சட்டத்தின்கீழ் அடுத்த பத்தாண்டுகளுக்குள் ஐந்து லட்சம் வீடுகள் எழுந்தன. இவற்றிலும் பெரும்பாலும் குடிவந்தவர்கள் திறன் பெற்ற தொழிலாளர்களே.

3

'ஏழைக்குத்தானே வீடு?' என்ற கேள்வி முதன்முதலாக வலதுசாரிகளிடமிருந்து வரவில்லை. அது இடதுசாரியிடமிருந்தும் வந்தது என்பதுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் சங்கடமான இடம்.

1930-ல் தொழிற்கட்சியின் ஆர்தர் கிரீன்வுட் கொண்டுவந்த சட்டம், ஸ்லம்களை இடித்து அங்கிருந்தவர்களுக்கு மறுகுடியமர்வு தரும் பணிக்கு மானியத்தைத் திருப்பியது. உண்மையான ஏழைகள் முதன்முறையாகப் பெரும் எண்ணிக்கையில் கவுன்சில் வீடுகளுக்கு வரப்போகிறார்கள். அவர்களால் வாடகை கட்ட முடியாதே, என்ன செய்வது? லீட்ஸ் நகரத்தில் சார்லஸ் ஜென்கின்சன் என்ற பாதிரியார், தொழிற்கட்சிக்காரர், வீட்டுவசதிக் குழுவின் தலைவராக இருந்தார். ஏழைகள் நடுவிலேயே வாழ்ந்து அவர்களுக்காக உருகியவர். 1934-ல் அவர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். வீட்டுக்கு முழு வாடகை நிர்ணயிப்பது, குடும்பத்தின் வருமானத்தைக் கணக்குப் பார்த்து இல்லாதவர்களுக்குத் தள்ளுபடி செய்வது, ஒன்றுமே இல்லாதவர்கள் ஒரு பென்னிகூடக் கட்ட வேண்டாம். இதைவிட நியாயமான ஏற்பாடு ஒன்று இருக்க முடியுமா என்று காகிதத்தில் பார்க்கிறபோது தோன்றும்.

ஆனால் குடித்தனக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். ஏற்கெனவே இருந்தவர்களுக்கு வாடகை ஏறியது. 1935 நவம்பர் தேர்தலில் தொழிற்கட்சி லீட்ஸ் நகரசபையை இழந்தது. 1939-ல் பர்மிங்ஹாமில் இதே மாதிரியான திட்டத்துக்கு எதிராக ஆயிரக்கணக்கான கவுன்சில் குடித்தனக்காரர்கள் வாடகை கட்ட மறுத்தார்கள். கவுன்சில் பின்வாங்கியது.

ஏன் இந்தக் கோபம்? 'தனக்கு ஏறுகிறதே என்ற சுயநலம்' என்று சொல்லிவிடுவது சுலபம். அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பத்தாண்டில் 'வருமானச் சோதனை' என்ற சொல்லுக்கு என்ன பொருள் இருந்தது என்று பார்க்க வேண்டும். 1931-லிருந்து வேலையில்லாதவர்களுக்கு உதவித்தொகை தர, அதிகாரி வீட்டுக்கே வந்து கணக்கெடுத்தார். மகன் எவ்வளவு கொண்டுவருகிறான்? மகள் எங்கே வேலைக்குப் போகிறாள்? பாட்டியின் ஓய்வூதியம் எவ்வளவு? வீட்டில் விற்கத் தகுந்த பொருள் என்ன இருக்கிறது? மகன் சம்பாதித்தால் அப்பனுக்கு உதவித்தொகை வெட்டு. இதனால் பிள்ளைகள் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். பெற்றவனைப் பிள்ளையின் கூலியில் தொங்கவைத்த அவமானத்தை அந்தத் தலைமுறை சாகிறவரை மறக்கவில்லை. இப்போது அதே சோதனை வாடகைச் சீட்டின் வழியாகவும் வீட்டுக்குள் வருகிறது என்றால்?

ஃபூக்கோ படித்த நண்பர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கண்காணிப்பு எப்போதும் லத்தியோடு வருவதில்லை, கருணையோடும் வரும். 1930-களில் பெக்கன்ட்ரி என்ற மாபெரும் குடியிருப்பில், இருபத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், ஜன்னல்களை வாரம் ஒருமுறையாவது துடைக்க வேண்டும் என்று குடித்தனக்காரர்களுக்கான கையேட்டில் விதி இருந்தது. ஜென்கின்சனின் திட்டமும் இந்தத் தர்க்கத்தின் இன்னொரு முகம். தள்ளுபடி வாங்குகிறவன் தன் ஏழ்மையை ஒவ்வொரு முறையும் நிரூபிக்க வேண்டும். தள்ளுபடி வாங்காதவன், தான் பக்கத்து வீட்டுக்காரனைத் தாங்குவதாக நினைக்கத் தொடங்குகிறான். ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிற இரண்டு குடும்பங்களுக்கு நடுவே அரசு ஒரு கணக்கு நோட்டை விரித்துவைத்துவிட்டது.

4

இதற்கு நேர் எதிரான கனவு அன்யூரின் பெவனுடையது. இவரும் சுரங்கத்திலிருந்து வந்தவர். 1945-லிருந்து சுகாதார அமைச்சர். தேசியச் சுகாதாரச் சேவையைத் தொடங்கியவர் என்று அவரை அறிந்திருப்பவர்கள் பலருக்கு வீட்டுவசதியும் அவர் பொறுப்பில்தான் இருந்தது என்பது தெரியாது. 1949-ல் அவர் கொண்டுவந்த வீட்டுவசதிச் சட்டம், அதுவரை வீட்டுவசதிச் சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருந்த 'உழைக்கும் வர்க்கங்கள்' என்ற சொல்லைக் கத்தரித்து எறிந்தது. ஒரு சோசலிஸ்ட் எதற்கு இந்தச் சொல்லை நீக்க வேண்டும்? டாக்டர், மளிகைக்காரர், கசாப்புக்காரர், பண்ணைக் கூலி எல்லோரும் ஒரே தெருவில் குடியிருந்த பழைய கிராமத்தைப் போலப் பொது வீடு இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்கிறவனிடம் சம்பளச் சீட்டு கேட்பதில்லையே, வீட்டுக்கு மட்டும் ஏன் கேட்க வேண்டும்? எல்லோருக்குமான வீடு என்றால்தான் அது நல்ல வீடாகவும் இருக்கும், ஏழைக்கு மட்டுமென்றால் அது ஏழ்மையான வீடாகிவிடும் என்பது இதற்குள் இருக்கிற வாதம்.

அந்தக் கனவு நீடிக்கவில்லை. 1956-ல் கன்சர்வேட்டிவ் அரசு பொதுத் தேவைக்கான வீடுகளுக்கு மானியத்தை நிறுத்தியது. வருமானத்துக்கேற்ற வாடகை மீண்டும் தலைதூக்கியது. லண்டனின் செயின்ட் பாங்க்ரஸ் பகுதியில் 1960-ல் வாடகை மறுப்புப் போராட்டம். டான் குக், ஆர்தர் ரோ என்ற இரண்டு பேர் தங்கள் வீடுகளுக்குள் தடுப்பு எழுப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். செப்டம்பர் 22 விடியற்காலையில் போலீஸ் துணையோடு அமீனாக்கள் உள்ளே இறங்கி அவர்களை வெளியேற்றினார்கள். அன்றிரவு தெருவில் அடிதடி. 1972-ல் கவுன்சில் வாடகைகளைச் சந்தையை நோக்கி ஏற்றச் சொன்ன சட்டத்துக்குக் கீழ்ப்படிய மறுத்த கிளே கிராஸ் என்ற சிற்றூரின் பதினொரு கவுன்சிலர்கள்மேல் பணச்சுமை விதித்தார்கள், பதவியையும் பறித்தார்கள்.

இந்தக் காலகட்டத்துச் சொல்லாடலில் இரண்டு பிம்பங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். கவுன்சில் வீடுகளில் குளியலறை கட்டத் தொடங்கியபோது நடுத்தர வர்க்கம் சிரித்தது: 'இவங்களுக்குக் குளியல்தொட்டி எதுக்கு? கரியைக் கொட்டி வைப்பாங்க.' கொஞ்ச காலம் கழித்து அதே வாய் வேறு கதை சொன்னது: 'கவுன்சில் வீட்டு வாசலில் ஜாகுவார் கார் நிக்குதாம்!' முதல் கதையில் குடித்தனக்காரன் அந்த வீட்டுக்குத் தகுதியில்லாத அளவுக்குக் கீழானவன். இரண்டாம் கதையில் அந்த வீட்டுக்குத் தகுதியில்லாத அளவுக்கு வசதியானவன். இரண்டுக்கும் நடுவே எங்கேதான் அய்யா நிற்கிறான் அந்தத் 'தகுதியுள்ள ஏழை'? அவன் எங்கேயும் இல்லை. இருக்கிற எவனையும் குற்றவாளியாக நிறுத்துவதற்காகவே கட்டமைக்கப்பட்ட ஓர் அளவுகோல் அவன்.

5

சரி, மானியம் என்ற சொல்லுக்கு வருவோம். க்ரோ வாங்கியது மானியம்தானா?

சந்தை வாடகையைவிடக் குறைவாகக் கட்டினால் அந்த வித்தியாசம் மானியம் என்று சொல்வது ஒரு வகைக் கணக்கு. இதன்படி, வீட்டுக்காரர் ஏற்றிவைத்திருக்கும் வாடகைதான் இயற்கையானது, மற்றதெல்லாம் பிச்சை. இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு வீட்டைக் கட்ட என்ன செலவானது, கடன் எவ்வளவு, பராமரிப்பு எவ்வளவு? 1930-ல் கட்டிய வீட்டின் கடன் எப்போதோ அடைந்துவிட்டது. குடித்தனக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய வாடகைதான் அதில் பெரும்பகுதியை அடைத்தது. பழைய வீடுகளின் வாடகையிலிருந்து புது வீடுகளின் செலவைத் தாங்கினார்கள். 2012 ஏப்ரலில் இங்கிலாந்தின் கவுன்சில் வீட்டுக் கணக்குகள் மத்திய மானிய முறையிலிருந்தே பிரிக்கப்பட்டன. கடனைப் பங்குபோட்டு அந்தந்த கவுன்சில் தலையில் ஏற்றி, 'உன் வாடகையிலிருந்து நீயே பார்த்துக்கொள்' என்று விட்டுவிட்டார்கள். சம்பாதிக்கிற குடித்தனக்காரன் கட்டுகிற முழு வாடகை அந்தக் கணக்கைத் தாங்குகிற தூண்களில் ஒன்று.

இந்தப் பக்கம் மானியம் தேடுகிற கண் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. சொந்த வீட்டில் குடியிருப்பவர் தனக்குத்தானே கொடுத்துக்கொள்வதாகக் கருதப்படும் வாடகையை வருமானமாக எண்ணி வரி போட்டுக்கொண்டிருந்தார்கள். 1963-ல் அது நீக்கப்பட்டது. சொந்த வீட்டை விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. வீட்டுக்கடன் வட்டிக்கான வரிச்சலுகை 2000 வரை நீடித்தது. 1980-களின் இறுதியில் இந்த ஒரு சலுகைக்குக் கருவூலம் இழந்த தொகை, கவுன்சில் வீடுகளுக்குக் கருவூலம் கொடுத்த மானியத்தைவிட அதிகம். அந்த வீடுகளின் வாசலில் எத்தனை ஜாகுவார் நின்றது என்று யாரும் எண்ணவில்லை.

நான் வளர்ந்தது ஓர் அரசு ஊழியர் குடியிருப்பில். அப்பா குமாஸ்தா. அவர் சம்பளத்தில் பிடித்த வாடகைக்கு அந்த ஊரில் வெளியே ஒரு அறைகூடக் கிடைத்திருக்காது. எதிர்ப்பக்கம் ரேஷன் கடை. அந்த வரிசையில் நின்றவர்களைப் பார்த்து 'இலவசத்துக்கு அலையுதுங்க' என்று எங்கள் வராந்தாவில் பேசிக்கொள்வார்கள். நானும் கேட்டுச் சிரித்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு 'மானியம்' என்ற பெயர் இருந்ததே இல்லை. அதற்குப் பெயர் 'குவார்ட்டர்ஸ்'. மேலே இருப்பவன் வாங்கினால் அது சலுகை, ஊக்கம், உரிமை. கீழே இருப்பவன் வாங்கினால்தான் அது மானியம். லண்டனைப் பற்றி எழுதுவதற்கான தகுதி எனக்கு இந்த வராந்தாவிலிருந்துதான் வருகிறது.

பிரிட்டனில் இந்த முரண் உச்சத்துக்குப் போனது மார்கரெட் தாட்சருக்குப் பின்புதான். 1980-ல் 'வாங்கும் உரிமை' வந்தது. குடித்தனக்காரன் தன் கவுன்சில் வீட்டைச் சந்தை விலையிலிருந்து 33 முதல் 50 சதவீதம்வரை தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளலாம். பின்னால் அடுக்குமாடி வீடுகளுக்குத் தள்ளுபடி 70 சதவீதம்வரை போனது. ஏறத்தாழ இருபது லட்சம் வீடுகள் பொதுவிலிருந்து போயின. நல்ல வீடுகளை நிலையான சம்பளக்காரர்கள் வாங்கினார்கள். மிஞ்சிய வீடுகளில் வாங்க முடியாதவர்கள் தங்கினார்கள். விற்ற வீடுகளில் கணிசமானவை இன்று தனியார் வாடகைச் சந்தையில் இருக்கின்றன. அவற்றில் குடியிருக்கும் ஏழைகளுக்காக அரசு கொடுக்கும் வாடகை உதவித்தொகை அந்த வீட்டுக்காரர்களிடம்தான் போய்ச் சேருகிறது.

இப்போது 2012-ஐப் பாருங்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் கூட்டணி அரசு வாங்குகிறவர்களுக்கான அதிகபட்சத் தள்ளுபடியை 75,000 பவுண்டாக உயர்த்தியது. அடுத்த ஆண்டு லண்டனில் அது ஒரு லட்சம் ஆனது. அதே 2012 ஜூனில் அதே அரசு இன்னொரு யோசனையை முன்வைத்தது: வசதியான குடித்தனக்காரர்கள் பொது வீட்டில் நீடிக்க வேண்டுமானால் சந்தை வாடகை கட்ட வேண்டும். 'இருக்கணும்னா காசைக் கட்டு' என்பது அதன் சாரம். அதாவது, க்ரோ மாதிரி ஒருவர் பொது வீட்டில் வாடகைக்கு இருந்தால் சமூக விரோதி. அதே வீட்டைப் பொதுப் பணத்தில் முக்கால் லட்சம் தள்ளுபடி வாங்கி என்றென்றைக்குமாகப் பொதுவிலிருந்து எடுத்துக்கொண்டால் லட்சியக் குடிமகன். காத்திருக்கிற பெண்ணைப் பற்றிய கவலைதான் காரணம் என்றால் இரண்டாவதல்லவா குற்றம்? வாடகைக்காரர் செத்தால் வீடு திரும்பி வரும், விற்ற வீடு வராது.

2016-ல் இந்த யோசனை சட்டமாகவே ஆனது. ஆரம்பத்தில் அறுபதாயிரம் பவுண்டுக்கு மேல் என்று பேசியவர்கள், எல்லையைக் குடும்பத்துக்கு லண்டனில் 40,000, வெளியே 31,000 என்று இறக்கினார்கள். குடும்பத்தில் இரண்டு பேர் சுமாரான கூலிக்கு முழுநேரம் உழைத்தாலே தாண்டிவிடுகிற கோடு. எல்லைக்கு மேலே சம்பாதிக்கிற ஒவ்வொரு பவுண்டுக்கும் 15 பென்ஸ் கூடுதல் வாடகை. அப்படிக் கவுன்சில்கள் வசூலிக்கிற கூடுதல் பணம் புது வீடு கட்டப் போகவில்லை, கருவூலத்துக்குப் போக வேண்டும் என்று ஏற்பாடு. எதிர்ப்பும் நிர்வாகச் சிக்கலும் சேர்ந்து அந்த நவம்பரிலேயே கட்டாயத் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அதன் தர்க்கம் சாகவில்லை, அடுத்த நிதி நெருக்கடிக்காகக் காத்திருக்கிறது.

6

இத்தோடு முடித்துக்கொண்டால் தோழர்களுக்குத் திருப்தியாக இருக்கும். எனக்கு இல்லை. ஏனென்றால் பொது வீட்டுக்கு உள்ளே இருந்தவர்களைப் பற்றி மட்டுமே இதுவரை பேசியிருக்கிறேன். வாசலில் நின்றவர்கள்?

போருக்குப் பின் கரீபியனிலிருந்தும் தெற்காசியாவிலிருந்தும் வந்தவர்களுக்குக் கவுன்சில் வீட்டின் கதவு எளிதில் திறக்கவில்லை. 'ஐந்து வருஷம் இந்த ஊரில் குடியிருந்திருக்க வேண்டும்' என்பது போன்ற விதிகளில் நிறம் என்ற சொல்லே கிடையாது, ஆனால் யார் வெளியே நிற்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். உள்ளே வந்தவர்களுக்கும் மோசமான வீடுகளே கிடைத்தன. ஹாக்னி கவுன்சிலில் கறுப்பினத்தவருக்குத் தரம் குறைந்த வீடுகள் ஒதுக்கப்பட்டதை இனச் சமத்துவ ஆணையம் 1984-ல் பதிவுசெய்தது. டவர் ஹாம்லெட்ஸ் பகுதியில் வீடில்லாத வங்காளதேசக் குடும்பங்கள் நடத்தப்பட்ட விதத்தைப் பற்றி 1988-ல் இன்னொரு அறிக்கை. அதற்கும் முன்பே, 1976-ல், ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதி வங்காளிகள் காலியாகக் கிடந்த பொதுக் கட்டடங்களில் பூட்டை உடைத்துக் குடியேறினார்கள். அவர்கள் அமைப்பின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'பாக்' என்று வரும், வங்காளத்தில் புலி. 'ரேஸ் டுடே' குழுவின் ஃபரூக் தோண்டியும் மாலா சென்னும் அந்தப் போராட்டத்தில் இருந்தவர்கள்.

இங்கே 'போதுமான வருமானம் உள்ள' வெள்ளைத் தொழிலாளி எந்தப் பக்கம் நின்றான்? எல்லோரும் ஒரே பக்கம் நிற்கவில்லை என்பது உண்மை. ஆனால் 'நம்ம பிள்ளைகளுக்கு முதலில்' என்ற கோஷம் அந்தக் குடியிருப்புகளிலிருந்துதான் எழுந்தது. 'மகன்கள், மகள்கள்' என்ற பெயரிலேயே ஓர் ஒதுக்கீட்டுத் திட்டமும் டவர் ஹாம்லெட்ஸில் இருந்தது. 1993 செப்டம்பரில் அதே பகுதியின் மில்வால் வார்டில் பிரிட்டிஷ் தேசியக் கட்சியின் டெரெக் பீக்கன் வெறும் ஏழு ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். வீட்டு ஒதுக்கீட்டுக் கோபத்தைப் பாசிஸ்டுகள் இனக் கோபமாக மாற்றிக்காட்டிய இடம் அது. அடுத்த மே மாதமே மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நான் சொல்லவருவது இது: உள்ளே இருப்பவனின் உரிமையை மட்டும் பேசிவிட்டு வாசலில் நிற்பவளைப் பற்றி இடதுசாரிகள் மௌனம் காத்தால், அந்த இடத்தில் வேறு யாராவது வந்து பேசுவார்கள். ஒன்று கருவூலத்தின் கணக்குப்பிள்ளை, இல்லாவிட்டால் பாசிஸ்ட்.

7

வியன்னாவைப் பற்றி ஒரு வார்த்தை. 1923-லிருந்து அந்நகரத்தின் சமூக ஜனநாயகவாதிகள் வீடுகளின்மேல் ஏறுவரிசை வரி போட்டார்கள், ஆடம்பர வீட்டுக்கு அதிகம், எளிய வீட்டுக்குக் குறைவு. அந்தப் பணத்தில் கட்டியவற்றில் ஒன்றுதான் 1930-ல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோஃப், 1,382 வீடுகள். 1934 பிப்ரவரியில் பீரங்கி வைத்து அதைச் சுட்டார்கள், ஆனால் விற்கவில்லை. இன்றும் அந்நகராட்சியிடம் சுமார் 2,20,000 வீடுகள் உள்ளன. அங்கே வருமானத்தைக் குடிபுகும்போது ஒருமுறைதான் கேட்கிறார்கள். அந்த வரம்பும் நடுத்தர வர்க்கத்தின் பெரும்பகுதியை உள்ளடக்கும் அளவுக்கு உயரமானது. அதற்குப் பிறகு சம்பளம் ஏறினாலும் யாரும் கதவைத் தட்டுவதில்லை. பேராசிரியரும் டிராம் ஓட்டுநரும் ஒரே படிக்கட்டில் ஏறுகிறார்கள். மராமத்து நடக்காவிட்டால் பேராசிரியரும் சேர்ந்து கத்துகிறார், அதனால் நடக்கிறது.

ஆனால் வியன்னாவைச் சொர்க்கமாக்கி விட்டுவிடவும் நான் தயாராக இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த குடியேறிகளுக்கு, துருக்கியர்கள் உட்பட, அந்த நகராட்சி வீடுகள் 2006-ல்தான் முறையாகத் திறந்தன. அங்கேயும் வாசல்தான் பிரச்சினை.

எனவே என் நிலைப்பாட்டை இப்படிச் சொல்லிப் பார்க்கிறேன். சம்பாதிக்கிறவன் பொது வீட்டில் நீடிப்பது அநீதி என்று நான் நினைக்கவில்லை. அவனிடமிருந்து கூடுதலாக எடுக்க வேண்டுமா, தாராளமாக எடுக்கலாம், அதற்கு வருமான வரி என்ற ஒன்று இருக்கிறது. அது சொந்த வீட்டுக்காரனிடமிருந்தும் சேர்த்து எடுக்கும். வாடகைச் சீட்டின் வழியாக எடுக்கும்போது, வாடகைக்கு இருப்பவன் மட்டுமே தன் வருமானத்துக்காகத் தண்டிக்கப்படுகிறான். சம்பளம் ஏறியதும் துரத்துகிற வீடு, வீடு இல்லை, சத்திரம். எல்லோரையும் துரத்தி ஏழைகளை மட்டும் மிச்சம் வைத்த குடியிருப்பு எப்படி ஆகும் என்பதற்கு 1980-க்குப் பிந்தைய பிரிட்டனே சாட்சி. 2017 ஜூன் 14 அதிகாலையில் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்து 72 பேர் செத்தார்கள். கட்டடத்தின் தீ ஆபத்தைப் பற்றி அங்கே குடியிருந்தவர்கள் அதற்குமுன் திரும்பத் திரும்ப எச்சரித்திருந்தார்கள். அந்தக் குரல் மேலே எட்டவில்லை. அது லண்டனின் மிகப் பணக்காரப் பகுதிகளில் ஒன்றான கென்சிங்டனில் நடந்தது.

அதே சமயம், உள்ளே வந்தவனின் நிம்மதிக்கு விலையாக வெளியே நிற்பவள் காலமெல்லாம் நிற்க வேண்டும் என்றால் அதை நியாயம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. க்ரோவைத் துரத்தினால் ஒரு வீடு கிடைக்கும், ஒரே ஒரு தரம். கட்டினால்தான் அடுத்தது கிடைக்கும். விற்றதையெல்லாம் யாரிடம் கேட்பது? ஸ்காட்லாந்து 2016-லும் வேல்ஸ் 2019-லும் வாங்கும் உரிமையை ஒழித்தன. இங்கிலாந்து 2024 நவம்பரில் தள்ளுபடியை வெகுவாகக் குறைத்தது. நாற்பது வருஷம் ஓடிப்போன பிறகு.

பவுண்டரி எஸ்டேட் இன்றும் நிற்கிறது. இடித்தவர்களில் பதினொரு பேருக்கு மட்டும் இடம் கொடுத்த அந்தச் செங்கல் கட்டடங்களில் பின்னாளில் பெருமளவில் வங்காளதேசக் குடும்பங்கள் குடியேறின. போராடித்தான். அந்த வீடுகளில் சிலவற்றை வாங்கும் உரிமையின்கீழ் விற்றார்கள், விலை இப்போது எட்டாத உயரத்தில். இருக்கிற குடித்தனக்காரர்களின் பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய் நாலு காசு பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். இனி அவர்களைப் பார்த்துக் கேட்பார்கள்: உனக்கு எதற்குப் பொது வீடு? கேள்வி பழையதுதான். இந்த முறை பதில் சொல்லும்போது, அந்த 5,708 பேரையும் சேர்த்து நினைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். விவாதிப்போம்.